எந்த மாடியிலும் இல்லாத கோயில்

லிஃப்ட்காரருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது. பின்னால் ஆளாளுக்கு ஒன்று சொல்லப்போகிறார்கள், விசாரணை வேறு வரப்போகிறது, அப்போது படிக்கிறவர்களுக்கும் ஒரு சந்தேகம் தட்டும். தட்ட வேண்டாம். மனிதர் பீரை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. இருமல் மருந்து வாங்கினால்கூட, இதில் போதை கீதை உண்டா என்று மருந்துக்கடைக்காரரை நச்சரித்துவிட்டுத்தான் வாயில் ஊற்றுவார்.

இந்த ஒழுக்கத்துக்குப் பாதிக் காரணம் அவர் மனைவி. தையல் கடையில் வேலை செய்கிறவள். அவளுடைய அப்பா பெருங்குடிகாரர். வீட்டிலிருந்த பாத்திரம் பண்டமெல்லாம் ஒவ்வொன்றாக அவர் தொண்டை வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதனால் கல்யாணத்துக்கு முன்னால் அவள் மாப்பிள்ளையிடம் வேலை, வீடு, வருமானம் எதையும் விசாரிக்கவில்லை. குடிப்பீங்களா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றார். அதையும் லேசில் நம்பாமல், சம்பள நாளன்று அவர் வேலை செய்த கட்டடத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்று, வெளியே வருகிறவர் நேராக நடக்கிறாரா என்று பார்த்தாள். நேராகத்தான் நடந்தார். நடுவில் ஒரு வாழைப்பழத் தோலில் வழுக்கிவிட்டார். அதற்காகக் கல்யாணம் ஒரு மாதம் தள்ளிப்போனது.

அவர் வேலை செய்வது பெரிய அலுவலகக் கட்டடம். முன்பக்கம் இரண்டு லிஃப்ட் உண்டு. கண்ணாடி, பொத்தான், பாட்டு எல்லாம் வைத்தவை. நம்மவருடையது பின்பக்கத்தில் இருக்கும் சாமான் லிஃப்ட். இழுத்து மூடும் கம்பிக் கதவு, பலகைத் தரை, சுவரில் ஒரு பித்தளைக் கைப்பிடி. வலப்பக்கம் தள்ளினால் மேலே போகும், இடப்பக்கம் தள்ளினால் கீழே வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு வேகம். பீரோ, காகிதக் கட்டு, தண்ணீர் கேன், உடைந்த நாற்காலி என்று இருபத்தைந்து வருடமாக எதையாவது ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு பீரோவும் அவரைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

இப்படிக் கிடந்தவர் வாழ்க்கையில் மாதா கோயிலின் புதுப் பங்குச்சாமி வந்து சேர்ந்தார்.

கோயில் அங்கிருந்து இரண்டே தெரு தள்ளி இருந்தது. ஒரு காலத்தில் சுற்றிலும் வீடுகள். வீடுகளெல்லாம் அலுவலகங்களாகி, குடும்பங்கள் ஊருக்கு வெளியே போய்விட்டன. வாரநாள் பூசைக்கு பங்குச்சாமி திரும்பிப் பார்த்தால் கோயில் பெருக்குகிற அம்மாவும் இரண்டு புறாவும்தான். அந்த அம்மாவும் பூசை முடிகிற வரை பெருக்குவாள். ஆனால் அலுவலகக் கட்டடத்துக்குள் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். வழியில் பார்த்தால் கும்பிடுவார்கள், ஏன் வரவில்லை என்று கேட்டால் மட்டும் கால்களில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோல் பறப்பார்கள். "நேரமே இல்ல ஃபாதர்." இதைச் சொல்வதற்கு அவர்களுக்கு எப்போதும் நேரம் இருந்தது.

பங்குச்சாமிக்கு வயது நாற்பதுக்குள். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அவர்கள் கோயிலுக்கு வரமுடியாவிட்டால் கோயில் அவர்களிடம் போகட்டும் என்று ஒரு சூட்கேஸ் வாங்கினார். அதற்குள் பீடத் துணி, பாத்திரம், அப்பம், சின்னக் குப்பியில் திராட்சை ரசம், மெழுகுவர்த்தி, மணி, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் ஒன்று, எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் பூசை கேன்டீனில், மதிய இடைவேளையில். கூட்டம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது, பாதிப் பேர் தட்டுடன் வந்திருந்தாலும். ஆனால் கல்லாவில் இருந்தவர் மைக்கை அணைக்க மறுத்துவிட்டார். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று பங்குச்சாமி சொன்னால், கூட்டம் வாயைத் திறப்பதற்குள் "டோக்கன் நாற்பத்தெட்டு, ரெண்டு டீ" என்று பதில் வந்தது. நாற்பத்தெட்டுக்காரர் முதல் வரிசையில் முழங்காலில் இருந்தார். எழுந்து போய் டீயை வாங்கி வந்து மறுபடியும் முழங்காலிட்டார்.

இரண்டாவது பூசை ஆறாவது மாடியில் கூட்ட அறையில். அறையைப் பதிவு செய்யும்போது என்ன கூட்டம் என்று எழுத வேண்டும். யாரோ 'மாதாந்திரக் கூட்டம்' என்று எழுதிவிட்டார்கள். அதைப் பார்த்து விற்பனைப் பிரிவிலிருந்து இருவர் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் எழுந்தால் எழுந்தார்கள், உட்கார்ந்தால் உட்கார்ந்தார்கள், அக்கம்பக்கத்தாருக்குச் சமாதான வாழ்த்துச் சொன்னபோது கைகொடுத்துத் தங்கள் பிரிவையும் சொன்னார்கள். பிரசங்கம் முடிந்ததும் ஒருவர் கையைத் தூக்கி, இதில் எங்கள் பிரிவு எதை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று கேட்டார். பங்குச்சாமி ஒருகணம் யோசித்து, சாவதற்குள் என்றார். அவர் அதைக் குறித்துக்கொண்டார். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மெழுகுவர்த்திப் புகை கூரையிலிருந்த கருவிக்குப் பிடிக்காமல் அபாய மணி அடித்து, கட்டடம் முழுக்க ரோட்டில் போய் நின்றது.

மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது. இந்தக் கட்டடத்தின் எந்த மாடியிலும் எந்த மத வழிபாடும் நடத்தக்கூடாது. கீழே கையெழுத்துப் போட்டவர் கட்டட மேனேஜர். அவரும் கிறிஸ்தவர்தான். கோயிலுக்கு வந்து வருடக்கணக்காகிறது என்ற குற்ற உணர்ச்சி அவருக்குள் எங்கேயோ ஒரு மூலையில் கிடந்தது. பங்குச்சாமி அவரைத் தேடிப் போய், அந்தச் சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுக் கேட்டார்.

"லிஃப்ட் எந்த மாடி?"

மேனேஜர் வெகுநேரம் யோசித்தார். "ஓடிக்கிட்டிருந்தா எந்த மாடியும் இல்ல, ஃபாதர். நின்னா அந்த மாடி."

"அப்ப ஓடிக்கிட்டே இருந்தா?"

"அத நான் பார்க்கல. நீங்க கேட்கவும் இல்ல."

ஓடுகிற லிஃப்ட்டில் பூசை வைக்க முடியாது, பாத்திரம் தளும்பும். ஆனால் பாவசங்கீர்த்தனம், அதாவது செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது, அதைக் கேட்கலாம். அதற்கு ஒரு சாமியாரும் ஒரு பாவியும் போதும். முன்பக்க லிஃப்ட்டுகளில் கூட்டம், ஆக மிச்சம் இருந்தது சாமான் லிஃப்ட்தான்.

நம்மவருக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. பீரோ ஏற்றிய கையால் ஆத்துமாவை ஏற்றப்போகிறோம் என்று வீட்டில் சொல்லி, மனைவியிடம் சாயம் போகாத சட்டை ஒன்று தைத்து வாங்கிக்கொண்டார். பங்குச்சாமி முதல் நாளே அவரைத் தனியாக அழைத்துப் பாடம் நடத்தினார்.

"அண்ணே, பாவசங்கீர்த்தனத்துல கேட்டத நான் எங்கயும் சொல்லக்கூடாது. என் கழுத்துல கத்தி வச்சாலும் கூடாது. தப்பித்தவறி உங்க காதுல ஒரு வார்த்தை விழுந்துட்டா, உங்களுக்கும் அதே சட்டம்தான்."

"என் சம்சாரத்துகிட்டகூடவா, சாமி?"

"அவங்ககிட்டதான் முக்கியமா."

ஆகவே வெள்ளிக்கிழமை மதியங்களில் ஏற்பாடு இப்படி. ஒரு மூலையில் காகிதப் பெட்டிகளை அடுக்கி மறைப்பு, அதற்குப் பின்னால் கேன்டீன் ஸ்டூலில் பங்குச்சாமி, காலடியில் எங்கும் கூடவே வரும் அந்தச் சூட்கேஸ். மறைப்புக்கு முன்னால் பாவி, நின்றபடியோ முழங்காலிலோ, அவரவர் மூட்டு வசதிப்படி. கைப்பிடியருகே முதுகைக் காட்டிக்கொண்டு நம்மவர், இரண்டு காதிலும் பஞ்சு. முடிந்ததும் பங்குச்சாமி ஷூவால் தரையில் ஓங்கி ஒரு உதை விடுவார். பலகை அதிரும், நம்மவர் அடுத்த மாடியில் நிறுத்துவார், மன்னிப்புப் பெற்றவர் இறங்குவார், வரிசையில் இருக்கும் அடுத்தவர் ஏறுவார். பரிகார ஜெபத்தை மாடிப்படியில் சொல்லிக்கொண்டே இறங்கி, டீக்கு நேரமிருந்தால் டீயும் குடித்துவிட்டு இருக்கைக்குப் போய்விடலாம்.

பிய்த்துக்கொண்டு போனது. கோயிலுக்கு இரண்டு தெரு நடக்க முடியாதவர்கள் நாலு மாடி ஏறி வந்து சாமான் லிஃப்ட்டுக்காக வரிசையில் நின்றார்கள். கைதேர்ந்தவர்கள் மாடிக்கணக்கிலேயே பேச ஆரம்பித்தார்கள். எனக்கு மூணு மாடி போதும் அண்ணே, வழக்கமானதுதான் என்பார் ஒருவர். கொஞ்சம் மெதுவா விடுங்க, ஒரு பழைய விஷயம் இருக்கு என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள் இன்னொருத்தி. கூரியர் கொண்டுவரும் ஒருவர், கிறிஸ்தவர்கூட இல்லை, சாமான் லிஃப்ட்தானே என்று மூட்டையுடன் ஏறி, மறைப்புக்குப் பின்னால் யாரோ "சொல்லுங்க மகனே" என்றதும் வீட்டுக் கஷ்டமெல்லாம் சொல்லி அழுதுவிட்டார். பங்குச்சாமி ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பினார். அதற்கப்புறம் கூரியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் வெள்ளிக்கிழமை தவறுவதில்லை.

இதில் கெட்ட வேளை ஒரு பாதுகாப்பு ஆய்வு வடிவத்தில் வந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் ஏதோ சொல்லிவிட்டுப் போக, மேனேஜர் அடுத்த சுற்றறிக்கையை விட்டார். இயந்திரங்களில் வேலை செய்கிறவர்கள் அபாய மணி கேட்கும்படி இருக்க வேண்டும். காதில் எதையும் வைக்கக்கூடாது. நம்மவர் சுற்றறிக்கை என்றால் எழுந்து நின்று படிக்கிற ஆள். அன்றைக்கே பஞ்சை எடுத்துவிட்டார். பங்குச்சாமியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நிறுத்திவிடுவாரே, இத்தனை பேர் ஏமாந்து போவார்களே என்று மென்று விழுங்கிவிட்டார். அதற்குப் பதிலாக, காதில் எதுவும் விழாதபடி ஒரு பக்திப் பாட்டைச் சத்தமாக முனக ஆரம்பித்தார். அவர் முடி காதை மூடி வளர்ந்திருந்ததால் பஞ்சு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

முனகினாலும் அரையும் குறையுமாக விழத்தான் செய்தது. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. இவ்வளவு பெரிய கட்டடம், கோட்டும் டையுமாகத் திரிகிற மனிதர்கள், பாவங்கள் எல்லாம் துக்கடா. பக்கத்து மேசைக்காரரின் பேனாவை எடுத்துவிட்டேன், மாமியாரைச் சபித்தேன், உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி லீவு போட்டேன். இதற்கு லிஃப்ட் எதற்கு, படிக்கட்டே போதும் என்று நினைத்துக்கொண்டு மேலும் கொஞ்சம் சத்தமாக முனகினார்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, வரிசையெல்லாம் முடிந்த பிறகு, மேனேஜரே ஏறினார்.

இவர் வந்திருப்பதே பெரிய விஷயம் என்று நம்மவருக்குச் சந்தோஷம். மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பிடியைத் தள்ளினார். பாட்டைத் தொடங்குவதற்குள் பின்னாலிருந்து முதல் வாக்கியம் வந்துவிட்டது.

"ஒரு அப்பாவி மேல பொய்யா எழுதிக் கொடுத்துட்டேன், ஃபாதர். இந்த லிஃப்ட்காரர் மேலதான்."

பாட்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது. மேனேஜர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பின்பக்கத்துக்கும் தானியங்கி லிஃப்ட் வரப்போகிறதாம். ஆளைக் குறைக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து நெருக்குகிறார்களாம். வேறு வேலை கொடுக்காமல் அனுப்ப வேண்டுமென்றால் ஒரு குற்றம் வேண்டும். வேலை நேரத்தில் குடிக்கிறார் என்று நேற்று எழுதி அனுப்பியாகிவிட்டது. இந்த மனிதர்தான் சண்டைக்கு வரமாட்டார் என்று தேர்ந்தெடுத்ததாகவும் சொன்னார். லிஃப்ட்காரர் காதில் பஞ்சு இருக்கிறது என்ற தைரியம் மேனேஜருக்கு. பஞ்சை எடுக்கச் சொல்லித் தானே கையெழுத்துப் போட்டதை அந்த மனிதர் சுத்தமாக மறந்திருந்தார். கையெழுத்துப் போடுவதே வேலையாக இருப்பவர்களுக்கு அது சகஜம்.

எழுதியதைத் திரும்ப வாங்குங்கள், வாங்கிவிட்டு வாருங்கள், அப்புறம் மன்னிப்பு என்றார் பங்குச்சாமி. வாங்குகிறேன் ஃபாதர், ஆனால் கொஞ்சம் நாள் போகட்டும் என்றார் மேனேஜர். லிஃப்ட் கடைசி மாடியையும் தாண்டி உச்சியில் போய் முட்டி நின்றது. இருபத்தைந்து வருடத்தில் அது முட்டியது அன்றுதான்.

அதற்கப்புறம் நடந்ததைப் போல ஒரு கூத்து இல்லை. பங்குச்சாமிக்கு விஷயம் தெரியும், சொல்லக்கூடாது. நம்மவருக்கும் தெரியும், சொல்லக்கூடாது. பங்குச்சாமிக்குத் தெரியும் என்று நம்மவருக்குத் தெரியும், அதையும் சொல்லக்கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஒரே பெட்டிக்குள் மேலும் கீழும் போய்வந்து, இந்த வருடம் வெயில் அதிகம் என்று நாலைந்து தடவை பேசிக்கொண்டார்கள். பங்குச்சாமி ஒரு பரிதாபப் பார்வைகூடப் பார்க்கவில்லை, கேட்டதை வைத்து முகத்தைக்கூட மாற்றக்கூடாது என்பது சட்டம். அது புரியாமல் நம்மவருக்கு முதலில் ஆத்திரம் பொங்கியது. என் வயிற்றில் அடிக்கப் பார்க்கிறார்கள், இந்த ஆள் வெயிலைப் பற்றிப் பேசுகிறாரே என்று. பிறகு, தானும் வெயிலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது.

குற்றப் பத்திரிகை வீட்டுக்கே வந்தது. வேலை நேரத்தில் மது அருந்தியது குறித்து, வெள்ளிக்கிழமை தலைமை அலுவலக அதிகாரி முன்னால் ஆஜராக வேண்டும். மனைவிதான் வாங்கிப் படித்தாள். முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. குடிச்சீங்களா என்று கேட்டாள். இல்லை என்றார். அப்புறம் யாரு எதுக்கு எழுதணும் என்று கேட்டாள்.

அதற்குப் பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். கழுத்தில் கத்தி வைத்தாலும் என்று பங்குச்சாமி சொன்னாரே, இதுதான் அந்தக் கத்தி என்று தெரிந்தது. தெரியாது என்று சொன்னால் அதுவும் பொய். ஆகவே எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அவள் பேச்சே குறைந்துவிட்டது. சாப்பிடுங்க, தண்ணி இருக்கு, அவ்வளவுதான். துவைக்கப் போட்ட சட்டையை அவள் முகர்ந்து பார்ப்பதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டார். அதுவும் அவளே தைத்துக் கொடுத்த சட்டை. வேலை போனால் எங்கேயாவது வாட்ச்மேனாக நின்று பிழைத்துக்கொள்ளலாம். இவள் நம்பாமல் போய்விட்டால் மிச்ச வாழ்க்கையை யாருடன் வாழ்வது என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

விசாரணைக்கு நானும் வருவேன் என்று அவளே கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்றால் இன்னும் சந்தேகப்படுவாள் என்று அழைத்துப் போனார்.

கடைசி மாடியில் ஒரு அறை. நடுவில் தலைமை அலுவலக அதிகாரி, நேர்மையான ஆள்தான், ஆனால் எதையும் பாதிக்குமேல் புரிந்துகொள்ளாதவர். ஒரு பக்கம் மேனேஜர். சாட்சிக்குப் பங்குச்சாமி. அதிகாரி ஏற்கெனவே கட்டடத்தில் விசாரித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது, குடிக்காத மனிதர் மேல் இவ்வளவு பொருத்தமாகக் குற்றம் அமையுமா என்று நம்மவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாமான் எதுவும் இல்லாமலே லிஃப்ட் மேலும் கீழும் அலைகிறது. சில சமயம் ஓடுகிறது, சில சமயம் ஊர்கிறது. கூப்பிட்டால் இவருக்குக் காது கேட்பதில்லை. தனக்குத்தானே முனகுகிறார். இரண்டு வாரம் முன்னால் உச்சியில் முட்டினார். உள்ளே போய் வருகிறவர்கள் சிவந்த கண்ணோடு வருகிறார்கள், சிலர் சிரித்துக்கொண்டே படியில் இறங்கி ஏதோ முணுமுணுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, லிஃப்ட் மூலையில் ஒரு சூட்கேஸ், அதற்குள் ஒரு குப்பி, குப்பிக்குள் ஒயின். அதிகாரி குப்பியை மேசைமேல் வைத்தார். மனைவி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது என்னுது" என்றார் பங்குச்சாமி.

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். பூசைக்கு என்று பங்குச்சாமி விளக்கினார். கட்டடத்தில் வழிபாட்டுக்குத் தடை இருக்கிறதே என்றார் அதிகாரி. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம், அதுவும் எந்த மாடியிலும் இல்லை, லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது என்று இவர் சொல்ல, அதிகாரி மேனேஜரைப் பார்க்க, மேனேஜர் கூரையைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். குடித்திருப்பவர் ஒருவரா இருவரா என்று அவருக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

சரி, கூப்பிட்டால் ஏன் காது கேட்கவில்லை என்று நம்மவரிடம் கேட்டார்.

"காதுல பஞ்சு வச்சிருந்தேன், சார். மத்தவங்க சொல்றது விழக்கூடாதுன்னு."

"இப்பவும் வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. காதுல எதுவும் வைக்கக்கூடாதுன்னு மேனேஜர் சார் சுற்றறிக்கை போட்டாரே, அன்னைக்கே எடுத்துட்டேன். போன மாசமே."

இதை அவர் எந்தக் கள்ளமும் இல்லாமல், கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் சொன்னார். மேனேஜர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ இறங்கிப் போனது. பங்குச்சாமி மெல்லக் கண்ணை மூடித் திறந்தார். ஆக, அந்த அறையில் மூன்று பேருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, இரண்டு பேருக்கு ஒன்றும் தெரியாது.

"நீங்க குடிக்கலன்னா, மேனேஜர் உங்க மேல பொய்யா எழுத என்ன காரணம்?"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள். அதிகாரியும் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடியும் கேட்டார். நம்மவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"நான் குடிக்கல, சார். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

லிஃப்ட் ஏன் முட்டியது? பதில் இல்லை. மேனேஜருக்கும் உங்களுக்கும் ஏதாவது பகையா? இல்லை. வேறு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? பதில் இல்லை. உங்களுக்காகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமே கிடையாதா என்று அதிகாரி கடைசியாகக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான் என்று அதிகாரி பேனாவைத் திறந்தபோது மனைவி எழுந்து நின்றாள்.

"சார், எங்க அப்பா குடிகாரர். சாகிற வரைக்கும் குடிச்சாரு. கேட்டா ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் சொல்வாரு. பல்வலி, மழை, முதலாளி திட்டினாரு, பழைய சிநேகிதன் வந்தான், நான் அழுதேன், நான் அழல. குடிக்கிறவன் வாய்ல காரணம் இல்லாத நாளே கிடையாது. இவர்கிட்ட வீட்டுல நானும் கேட்டேன், இங்க நீங்களும் கேட்டீங்க. ஒரு காரணம்கூட சொல்லல. இந்த மனுசன் குடிக்கல."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். 

 மேனேஜர் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து, நான் எழுதினது தப்பு சார், இவர் குடிச்சு நான் பார்த்ததே இல்ல, எழுதினத திரும்ப வாங்கிக்கிறேன் என்றார். ஏன் எழுதினீர்கள் என்று அதிகாரி கேட்டார். மேனேஜர் பங்குச்சாமியைப் பார்த்தார். பங்குச்சாமி ஜன்னலைப் பார்த்தார். பயந்துட்டேன் சார் என்று மட்டும் சொன்னார். இந்தக் கட்டடத்தில் யாருக்குமே எதற்குமே காரணம் கிடையாதா என்று அதிகாரி கடுப்பாகி, காகிதத்தைக் குறுக்கே கிழித்துப் போட்டார். புது லிஃப்ட் வந்தாலும் இவருக்கு வேறு வேலை பார்த்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, குப்பியைப் பங்குச்சாமி பக்கம் ஒரு விரலால் தள்ளிவிட்டார்.

வெளியே வந்ததும் மேனேஜர் பங்குச்சாமியைக் கையோடு படிக்கட்டுக்கு இழுத்துப் போனார். தான் போட்ட சுற்றறிக்கையை மாடிக்கு மாடி மீறிக்கொண்டு, காதோடு காதாக ஏதோ சொல்லிக்கொண்டே இறங்கினார். பங்குச்சாமி தலையாட்டிக்கொண்டே போனார்.

நம்மவர் மனைவியைச் சாமான் லிஃப்ட்டில் ஏற்றினார். இத்தனை வருடத்தில் அவள் அதில் ஏறுவது அதுதான் முதல் தடவை. ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பிக் கதவையும் பலகையையும் அவர் கையையும் பார்த்தாள். கைப்பிடியைக் கொஞ்சமாகத் தள்ளினார். லிஃப்ட் மெல்ல இறங்கியது.

"அவரு ஏன் எழுதினாரு, ஏன் திரும்ப வாங்கிக்கிட்டாரு? உங்களுக்குத் தெரியும், இல்ல?"

அவர் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். சரி விடுங்க என்றாள். இரண்டு மாடி கழிந்தது.

"என்னங்க, நான் உள்ள அவ்வளவு தைரியமா பேசினேன். ஆனா அந்தக் காகிதம் வந்ததிலேருந்து இன்னைக்கு அங்க எழுந்திருக்கிற வரைக்கும் நீங்க குடிச்சீங்கன்னுதான் நம்பினேன். உங்க சட்டையை மோந்து பார்த்தேன். எங்க அப்பா மாதிரிதான் நீங்களும்னு மனசுக்குள்ள திட்டினேன். அவரு ஒயினை மேசையில வச்சப்ப, நல்லவேளை நம்ம பிள்ளைங்க வரலன்னு நினைச்சேன். நீங்க வாயே திறக்காம நின்னீங்களே, அப்பதான் எனக்கு விளங்கிச்சு. இத ஃபாதர்கிட்ட போய்ச் சொல்லணும். உங்ககிட்டயும் சொல்லாம இருக்க முடியல."

சட்டையை முகர்ந்தது தெரிந்ததுதான். ஆனால் அவள் வாயால் கேட்டபோது, மேனேஜர் சொன்னபோது வலித்ததைவிட அதிகமாக வலித்தது. வலித்தாலும் அவள்மேல் கோபம் வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே, வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னார்:

"சொல்லிட்டே இல்ல? இங்க என் காதுல விழுந்தது எதுவும் வெளிய போகாது. உன்னுதும் போகாது."

 பின்னால் ஸ்டூல் நகர்ந்தது. உன்னுதும் என்றாரே, அப்படியானால் வேறு யாருடையது என்று அவளுக்கு இப்போது முழுதாகப் புரிந்துவிட்டது. இவர் ஏன் கை கழுவப் போனார், ஏன் விசாரணையில் தலையைக் குனிந்துகொண்டார், ஏன் இரண்டு இரவு தூங்கவில்லை, எல்லாம். தெரிந்தும் என்னிடம்கூட வாயைத் திறக்காமல், நான் முகர்ந்து பார்க்கிற சட்டையையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாரே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

லிஃப்ட் தரைக்கு வந்துவிட்டது. கம்பிக்கு அந்தப்பக்கம் தண்ணீர் கேன்களோடு ஒருவர் காத்திருந்தார். நம்மவர் அவரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்க என்பதுபோல் கையைக் காட்டிவிட்டு, கதவைத் திறக்காமல் கைப்பிடியை மறுபடியும் வலப்பக்கம் தள்ளினார்.